பவழத்தீவுச் சுருட்டின் உதிராத சாம்பல்

ஆம் அம்மையே, அந்தச் சுருட்டைத் தேர்ந்தெடுத்தவன் நானேதான். தங்கள் முந்தைய ஓலையில் அந்தக் கேள்வி மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கேட்கப்பட்டிருந்தமையால், வாழ்த்துக்கும் முன்னதாக விடையை வைத்துவிட்டேன். இனி முறைப்படி.

மேகம் இறங்கி இளைப்பாறும் தேன்வரை நாட்டின் பேரமைச்சரும், ஏழு கணவாய்களின் காவலரும், மன்னர் தழும்பனாரின் செவியில் காலையின் முதல் சொல்லைச் சொல்லும் உரிமை பெற்றவருமான வெண்பூதி அம்மையாருக்கு, கடல் மூன்று புறமும் காற்று நான்கு புறமும் சூழ்ந்த குமிழி நாட்டின் விழா அமைச்சன், குடை, கொடி, சந்தனம், சுருட்டு ஆகியவற்றின் பொறுப்பாளன் பூதன் கண்ணந்தை பணிந்து எழுதும் ஓலை. தங்கள் மலைகளில் மழை வேளைக்கு வருக. தங்கள் ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனுக. தங்கள் மன்னரின் வயிறு விரைவில் தேறுக.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு நன்னாளுக்கும் ஒரு சுருட்டு உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். குழந்தை பிறந்த வீட்டில் மெல்லிய சுருட்டைப் பகிர்வோம். அன்று தகப்பன் உறங்கியிருக்க மாட்டான், காரம் அவனைக் கவிழ்த்துவிடும். போர் முடிந்து திரும்புவோருக்குக் காரமானதைத் தருவோம். கண் கலங்குகிறவர்கள் புகையின் மேல் பழி போட்டுக்கொள்வார்கள். ஆனால் அரச குடும்பத்து மண உறுதிக்கு மணமோ காரமோ பொருட்டன்று, சாம்பலே பொருட்டு. இரு மன்னரும் ஒரே விளக்கில் சுருட்டைப் பற்றவைப்பர். எவர் சுருட்டிலிருந்தேனும் முதல் சாம்பல் உதிரும்வரை வாசிக்கப்படும் சொல்லெல்லாம் இரு நாட்டையும் கட்டும். சாம்பல் நிற்கும்போது வாசிப்பு நின்றால் உறவு முறிந்தது. வாசித்ததையே மறுபடி வாசித்தால் வாசித்தது ரத்து.

எங்கள் மன்னர் அந்துவனாரின் பாட்டியார் மண உறுதியின்போது, அன்றைய விழா அமைச்சர் மலிவான சுருட்டொன்றை நம்பினார். மணநாள் எது என்னும் வரி வருமுன்பே சாம்பல் விழுந்துவிட்டது. அந்த அம்மையார் கழுத்தில் நிச்சய மாலையோடு மூன்றாண்டுகள் காத்திருந்தார். அந்த அவமானம் மீண்டும் நேரக்கூடாது என்று நான் பதினான்கு வகைச் சுருட்டுகளைச் சோதித்தேன். ஒவ்வொன்றையும் பற்றவைத்துக்கொண்டு, மாட்டுவண்டியில் ஏறி, கடைவீதிக் கல்பாதையில் போய் வந்தேன். பதிமூன்று முதல் பள்ளத்திலேயே உதிர்ந்தன. பவழத்தீவுச் சுருட்டின் சாம்பலோ வீதி முடியும்வரை நின்றது. வழியில் மாடு இரண்டு முறை தும்மியது, அப்போதும் நின்றது. நான் பெருமிதம் கொண்டேன். தேவைக்கு மேல் உறுதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதையே திறமை என்று எண்ணியது என் பிழை.

தங்கள் இளவரசருக்கும் எங்கள் இளவரசிக்கும் மண உறுதி நடந்த அன்று முற்பகல் நிகழ்ந்ததைத் தாங்களும் அவையில் இருந்து கண்டீர்கள். ஆயினும் ஓலைக்கூடத்தில் இந்த ஏடு நிலைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஓலைநாயகம் நெடுஞ்செவியார் பதினொரு உறுதிமொழிகளையும் வாசித்து முடித்தார். சாம்பல் நின்றது. அவர் ஓலைக்கட்டின் அடியில் இருந்த சமையற்கூட ஏட்டை எடுத்து வாசித்தார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் புடலங்காய்க் கூட்டு சமைக்க இரு நாடும் என்றென்றைக்கும் கடமைப்பட்டன. சாம்பல் நின்றது. அவர் வேறு வழியின்றி, தாம் தனிமையில் படித்துவந்த கதைச் சுவடியை இடுப்பிலிருந்து உருவி, விட்ட இடமான ஒன்பதாம் ஏட்டிலிருந்து தொடங்கினார்.

அது மேலைக்கடல் வணிகர்கள் கொண்டுவந்து, எங்கள் துறைமுகத்தில் தமிழாக்கப்பட்ட கதை. அதில் ஒரு மாலுமி தன் காதலிக்கு வாக்களித்தபடி, அடுத்த முழுநிலவுக்கு மறுநாள், பனி என்னும் பொருளை ஒரு கூடை நிறையக் கொண்டுவர வடகடலுக்குக் கப்பல் ஏறுகிறான். ஒவ்வொரு மணத்துக்கும் புதிய ஏடு எழுதச் சோம்பிய எங்கள் முன்னோர், வாசிக்கப்படும் ஏட்டில் எந்த ஆடவன் பெயர் இருந்தாலும் அது அன்றைய மணமகனையே குறிக்கும் என்று விதித்துவிட்டார்கள். ஆகவே நெடுஞ்செவியார் ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்க, தங்கள் இளவரசர் எயினனார் ஒவ்வொரு கடலாகத் தாண்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஓடிப்போய் வேறு ஏடு கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அவையில் ஒருவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை. கதை அப்படி இருந்தது. பன்னிரண்டாம் ஏட்டின் முடிவில் கப்பல் பனிப்பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, மாலுமி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மேலே பார்க்க, தங்கள் மன்னர் தழும்பனார் இருக்கையின் நுனிக்கு வந்து, “அப்புறம் என்னய்யா ஆச்சு?” என்று கேட்டார். அவர் கை அசைந்தது. சாம்பல் விழுந்தது.

இதுதான் இன்றைய நிலை: எயினனார் புறப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. திரும்பி வருவார் என்று எங்கும் சொல்லவில்லை. முழுநிலவுக்கு இன்னும் எட்டு நாட்கள். எங்கள் துறையில் கப்பலுக்குத் தார் பூசுகிறார்கள். பனி என்பது உப்பின் ஒரு வகையா, பஞ்சின் ஒரு வகையா என்று எங்கள் அறிஞர்கள் இன்னும் முடிவு செய்யாததால், இரண்டுக்கும் ஏற்ற கூடை முடையச் சொல்லியிருக்கிறோம். குளத்துத் தெப்பத்திலேயே எயினனாருக்குத் தலைசுற்றும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். எங்கள் இளவரசி மருதியார் அதை வாசித்தபின் உணவறைக்கு வரவில்லை.

ஒரு வழி உண்டு. சாம்பல் விழுந்து பாதியில் விட்ட வாசிப்பை, அது சொன்ன செயல் தொடங்குமுன், அதே இரு மன்னரும் புகைத்து ஒருமுறை தொடரலாம். சுருட்டு எதுவாகவும் இருக்கலாம். நெடுஞ்செவியாரிடம் மிகவும் மன்றாடியபின், மாலுமி திரும்பி வருவது பதினைந்தாம் ஏட்டின் கடைசியில் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பதினாறாம் ஏட்டின் முதல் வரியிலேயே அவனுக்கும் மாமனாருக்கும் சண்டை மூண்டு மாமனார் வீடு எரிகிறது. மாமனார் என்பவர் எங்கள் மன்னர். ஆகவே சாம்பல் மூன்று ஏடுகள் நிற்க வேண்டும். நான்காம் ஏட்டைத் தொடக்கூடாது. சாம்பலை வேண்டுமென்றே தட்டுவதோ பாவம்.

இம்முறை நான் உறுதியைத் தேடவில்லை, பொருத்தத்தைத் தேடினேன். நெடுஞ்செவியாரை எதிரே அமரவைத்து வாசிக்கச் சொல்லி, வகைவகையாகப் புகைத்தேன். என் குரல் இப்போது தவளையினுடையது. இறுதியில் பொருந்தியது தங்கள் நாட்டு மலையிலேயே விளையும் மெல்லிய சுருட்டு. தங்கள் ஆடு மேய்ப்போர் காதுகுத்து விருந்தில் பகிர்ந்துகொள்வது. காரம் இல்லை, லேசாக ஏலக்காய் மணம். ஆறு முறை சோதித்ததில் ஐந்து முறை, மாலுமி கரையில் கால் வைத்துக் காதலியின் பெயரைச் சொன்னதும் சாம்பல் உதிர்ந்தது. ஆறாம் முறை மட்டும் ஒரு கால் படகிலேயே இருந்துவிட்டது. அதற்கு என் இருமலே காரணம்.

தடை ஒன்றே. பவழத்தீவுச் சுருட்டுக்குப் பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடந்த தங்கள் மன்னர், இனி வாழ்நாளில் சுருட்டைத் தொடுவதில்லை என்று மீசையைப் பிடித்துச் சபதம் செய்திருப்பதாக அறிகிறேன். அவர் வயிற்றைப் பற்றி யோசிக்காமல் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தச் சபதத்தின் பாரம் என்னுடையது. தூதுவர் கையில் இருக்கும் பெட்டியில் இரண்டே சுருட்டுகள் உள்ளன, ஓலைக்கிடையே வைத்து, ஈரம் படாமல்.

எங்கள் மன்னர் அந்துவனாரின் ஆணையும் இதனுடன் வருகிறது: இன்றிலிருந்து ஏழாம் நாள் காலையில் இரு நாட்டு எல்லைச் சத்திரத்தில் விளக்கு ஏற்றப்படும், தங்கள் மன்னர் வந்தால் வாசிப்பு தொடரும், வராவிடில், கப்பலில் எயினனாருக்குத் துணையாகக் கூடையைச் சுமந்துகொண்டு விழா அமைச்சனும் ஏறுவான். அரக்கு உருகிவிட்டது, ஆமை முத்திரை பதிந்துவிட்டது. இந்தச் சொல் எங்கள் கடற்கரை உள்ளவரை நிற்கும்.

முத்திரைக்குக் கீழே எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் மருதியார் என் தோளருகே நின்றுகொண்டு, தாம் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதச் சொல்கிறார்:

“அம்மா, மாமாகிட்ட நீங்க பக்குவமா சொல்லுங்க. மூணே மூணு ஏடுதான். நான் பக்கத்துலயே நின்னு விசிறுறேன், குடிக்க மோர் வச்சிருக்கேன். சபதத்தை இந்த ஒரு காலைக்கு மட்டும் தள்ளி வைப்பாங்களா, கேட்டுச் சொல்லுங்க.”