கஞ்சா வியாபாரம் என்றால் கூடாரம்

ஜனவரி 9

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாளையே ஊர்ப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். எல்லார் பெயரையும் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்: ஹார்லன் ப்ரூயிட், ஓய்வுபெற்ற சார்ஜண்ட், வரலாற்றில் முதுகலை.

உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலை கிட்டத்தட்ட என் கையில் இருந்தது. இன்று முதல்வர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். பின்னணி விசாரணையில் ராணுவப் புலனாய்வுப் பதிவு ஒன்று வந்திருக்கிறதாம்: போதைப்பொருள் வியாபாரம்.

"கைது இல்லை, வழக்கு இல்லை" என்றேன்.

"பேர் இருக்கே, மிஸ்டர் ப்ரூயிட்" என்றார், நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டு. ஆகஸ்டுக்குள் பெயரை நீக்கிக்கொண்டு வந்தால் பார்க்கலாமாம்.

முதுகலைப் பட்டம் வாங்க வருடக்கணக்காக மாலைக் கல்லூரிக்கு அலைந்தேன். போதை வியாபாரி என்ற இந்தப் பட்டத்தை ராணுவம் ஒரே மத்தியானத்தில் கட்டிவிட்டது.

ஜனவரி 10

பத்திரிகைக்கு எழுதவில்லை. முதுகுவலி.

ஜனவரி 14

படையில் ஒரு பேச்சு உண்டு. தளவாடக் கிடங்குக்காரன் ஒருவன் காகிதம் இல்லாமல் இன்னொரு கிடங்குக்குப் பொருளைக் கைமாற்றினால், அதன் பெயர் "கஞ்சா வியாபாரம்". போர்வைக்குப் பேட்டரி, ஏணிக்குக் காப்பித்தூள். எல்லாக் கிடங்கிலும் நடப்பதுதான். அதை வாயால் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது நேற்று சேர்ந்த சிப்பாய்க்கும் தெரியும். நான் படித்தவன் அல்லவா? மின்னஞ்சலில் எழுதினேன்: "அர்ரியேட்டாவுடன் கஞ்சா வியாபாரம் முடிந்தது. சரக்கு வெள்ளிக்கிழமை கைமாறும்."

சரக்கு என்றால் இரண்டு கூடாரம்.

அது எப்படியோ புலனாய்வு அதிகாரியின் கையில் சிக்கியது; அவர் சிரிக்கத் தெரியாத ஆள். அடுத்த கிடங்கின் ரூபன் அர்ரியேட்டாவிடம் போய், சரக்கு எப்படி என்று கேட்டிருக்கிறார். அந்தக் கழுதை சொன்ன பதில்: "முதல் தரம் சார். பசங்க ராத்திரி பூரா அதுக்குள்ளயேதான் கிடந்தாங்க."

ஒன்றும் கிடைக்காமல் கோப்பை மூடினார்கள். என் பெயரை மட்டும் உள்ளே வைத்து மூடினார்கள். அர்ரியேட்டாவோடு அன்றே பேச்சை நிறுத்தினேன். பத்தொன்பது வருடம். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விரதம்.

மார்ச் 2

பெயரை நீக்கச் சொல்லி ராணுவத்துக்கு நான் அனுப்பிய மேல்முறையீடு பதினோரு பக்கம், அடிக்குறிப்புகளோடு. ரோமாபுரியின் நீதிமுறையையும் தொட்டிருந்தேன். நான்கு வரியில் மறுத்துவிட்டார்கள்.

என் மனைவி டார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். "கூடாரம்னு எங்க எழுதியிருக்க?"

தேடினேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது.

மார்ச் 3

"அர்ரியேட்டாகிட்ட எழுதி வாங்கு" என்கிறாள்.

"செத்தாலும் போகமாட்டேன்."

"செத்தப்புறம் வேலை எதுக்கு?"

இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்ததே இல்லை.

ஏப்ரல் 20

போனேன். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறான். தொப்பை போட்டிருக்கிறது, மகிழ்ச்சி.

"வாடா புரொபசர்! சரக்கு கொண்டாந்தியா?" கடை முழுக்கக் கேட்டது.

காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"உன்மேல எனக்கு இன்னும் கோவம் ஆறலடா. ரெண்டு கூடாரமும் ஒழுகிச்சு. பசங்க நனைஞ்சு நாசமாப் போனானுங்க."

"முதல் தரம்னு அந்த ஆளுகிட்ட சொன்னியே!"

"கிண்டலுடா! ஒழுகுற கூடாரத்தைத் தலையில கட்டுனவனை வேற எப்படித் திட்டுறது? அவன் அதை எழுதிக்குவான்னு கண்டேனா?"

அவன் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "மறுநாள் நீ வந்து என்னை நாலு திட்டு திட்டுவேன்னு இருந்தேன். நீ வரவேயில்ல."

என் வீட்டிலிருந்து இந்தக் கடைக்குப் பதினெட்டு மைல்தான். வரவேயில்லை.

அங்கேயே எழுதித் தந்தான்: "ப்ரூயிட் எனக்குக் கொடுத்தது கூடாரம். ஒழுகும் கூடாரம். நாணயமான கஞ்சா வியாபாரியாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொண்டிருப்பான்." கடைசி வரியை அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு டப்பா புழு வாங்கினால் அடிக்கிறேன் என்றான். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வாங்கினேன்.

ஜூலை 30

அர்ரியேட்டாவின் காகிதத்தோடு மறுபடி விண்ணப்பித்ததில் பெயர் நீக்கப்பட்டது. காரணம் இல்லை, மன்னிப்பும் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெகுநேரம். டார்லீன் கதவைத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 19

முதல் வகுப்பு. பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், ஆர்மில என்ன பண்ணீங்க?"

"கூடாரம் பார்த்துக்கிட்டேன்."

யாரும் ஆர்வம் காட்டவில்லை. இவ்வளவு இன்பமான அலட்சியத்தை நான் அனுபவித்ததில்லை.

சாயங்காலம் ஒருவழியாக அந்தப் பத்திரிகைக் கடிதத்தை எழுதினேன். அரைப் பக்கம்தான். இன்னும் அந்தப் பதிவில் கிடப்பவர்களுக்கு: முதல் வரியிலேயே கூடாரம் என்று எழுதுங்கள், பேச்சை நிறுத்திவிட்ட ஆளைத் தேடிப் போங்கள். அர்ரியேட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் பேரைப் போடுடா, கடைக்கு ஆள் வரும்" என்றான். போட்டேன்.

என் பெயருக்காகப் பேனாவை வைத்தேன். ஒரு காகிதத்திலிருந்து அதை எடுக்க இத்தனை பாடு. இன்னொன்றில் நானே கொண்டுபோய் எழுதுவதா?

கையெழுத்து இல்லாமலே நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.