லூர்து அக்கா வீட்டுக்கு முன்னால் நின்ற கோடு

குருசுக்குப்பத்தின் பழைய வரைபடத்தை இன்று பீரோவிலிருந்து எடுத்து விரித்தேன். கோடாலித் தைலம் வாசம் வந்தது. வெயிலில் அளந்துவிட்டு வந்து கழுத்தில் தேய்த்துக்கொண்டு, அதே கையால் வரைபடத்தைத் தொடுவாய். திட்டுவேன், கேட்கமாட்டாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் வாசம் போகவில்லை.

கடல் எதுவரை ஏறும் என்று அளந்து ஒரு சிவப்புக் கோடு போடுவதுதான் நம் இருவருக்கும் உத்தியோகம். கோட்டுக்குக் கடல் பக்கம் வரும் வீடுகளைக் காலி செய்து, மூலக்குளத்தில் மாற்று வீடு தருவார்கள். மீன் விற்கும் லூர்து அக்கா அன்று கூடையை இறக்கிவைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, எங்க வூட்ட கோட்டுக்குள்ள தள்ளிடாதப்பா. மூலக்குளத்துல குந்திக்கினு நான் எப்படிக் காலைல மீனெடுக்க வருவேன்?"

அளவுப்படி அவள் வீடு உள்ளேதான் வந்தது. நீ ரப்பரால் அழித்து, கோட்டைக் கடல் பக்கமாக அவள் வாசலுக்கு முன்னால் நகர்த்தினாய். "நகத்தளவுதான்டா. கடல் என்ன ஸ்கேல் வச்சிக்கினா வருது?" நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நல்லது செய்துவிட்ட திருப்தியில் இருவரும் டீ குடிக்கப் போனோம்.

போன மழையில் அந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாற்று வீட்டுக்கு மனு கொடுத்தவளிடம், "உங்க வூடு கோட்டுக்கு வெளிய இருக்குதும்மா, லிஸ்ட்ல வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோடு தவறு என்று நான் மேலே எழுதிக் கொடுத்தேன். ஒப்புதலான வரைபடத்தைத் திருத்த முடியாதாம். புதிதாகப் போடும் வரைபடத்தில் நிற்கிற வீடுகளுக்கு மட்டும்தான் இடம். அக்கா இப்போது தவளக்குப்பத்தில் மகள் வீட்டு ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். மீன் வியாபாரமும் போயிற்று.

உன்மேல் எனக்குக் கோபம்தான். நீ மாரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய், பதில் சொல்ல நான். இத்தனை வருஷத்தில் நாம் ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. இங்கே அலையைத் தடுக்கக் கல் கொட்டச் சொன்னோம், வடக்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. இன்று அடுத்த தெருவை அளந்தேன். உள்ளே வந்ததை உள்ளேயே போட்டேன். அந்தத் தெருவில் ஒருவரும் குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை.

போன வாரம் கல்லறைத் திருநாள். அக்கா பஸ் ஏறி வந்து உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். "இந்தத் தம்பி உசுரோட இருந்திருந்தா என்ன இப்படி வுட்டிருக்காது" என்று அழுதாள். அன்று அளவை மீறிக் கோட்டை நகர்த்தியதே நீதான் என்று சொல்ல வாயெடுத்தவன், காற்றில் அணைந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்றிவைத்தேன். சொன்னால் அடுத்த வருஷம் உனக்கு மெழுகுவத்தி இருக்காது. சொல்லாமல் இருப்பது உனக்காகவா, என் கையெழுத்துக்காகவா என்று தெரியாமலே அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.