அம்மா எட்டிப் பிடிக்கும் வேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. மாமாவிடம்கூட வேண்டாம், அவர் நல்லவர்தான், ஆனால் சிரித்துக்கொண்டே போனில் அப்பாவிடம் உளறிவிடுவார், அப்புறம் என் கதி அவ்வளவுதான். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. எதிர் வீட்டுத் தையல்காரர் தன் மகளைப் பார்க்கக் காலையில் உன் ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் இரண்டு கடிதம் இருக்கும். மேலே இருப்பது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அதை ஊருக்கே படித்துக் காட்டலாம். இது உன் புது நைட்டியின் மடிப்புக்குள் இருக்கும். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போன் அப்பாவின் சட்டைப்பையில் குடியிருக்கிறது, நீ கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறது, அதில் எதைச் சொல்வது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம், நீயும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவின் கடிதத்தில் எல்லோரும் சுகம் என்று இருக்கும், அதை எழுதும்போது எனக்குக் கை கூசியது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியே கிடக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். கேட்டால் எனக்கென்னடி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன் என்கிறாள். அப்பா கடையில் மோட்டார் காயில் கட்டிக் கட்டிக் கண் எரிச்சலோடு வருகிறார், சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுகிறார், தட்டை உருவி எடுப்பது என் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உன் மகன் பின்னால் ஓட ஆரம்பிக்கிறேன். வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. சலித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே அக்கா, சுண்டு என் உயிர், ஆனால் அவனோடு ஒரு நாள் இருந்து பார்த்தால் உனக்கே தெரியும்.

நீ கடையில் சொல்லி வீட்டில் இறக்க வைத்த அந்தப் பேட்டரி பொம்மை பைக் வந்ததிலிருந்து சுண்டு தரையில் கால் வைப்பதே இல்லை. சாப்பாடு அதன் மேல், கோபம் அதன் மேல், ஒரு நாள் குளியலும் அதன் மேல் நடந்திருக்கும், நான்தான் இறக்கிவிட்டேன். மிதியை அழுத்தினால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது, அந்தக் காலை எடுக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. தெருக்கோடி நாய் படுக்கும் இடத்தையே மாற்றிக்கொண்டது. எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, எனக்கும்தான். போன மாதம் ஒரு நாள் தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார், சுண்டு வண்டியோடு வெளியே போய்விட்டான். அம்மா பின்னாலேயே ஓடியிருக்கிறாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது, எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டுக்கு இறங்கும் சரிவில், சிமெண்ட் கிடங்குக்கு லாரி திரும்புகிற அந்த இடத்தில், ஹாரனை அடித்துக்கொண்டே இவன் வருகிறான். பையைப் போட்டுவிட்டுப் பின் சீட்டைப் பிடித்தேன், என்னையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டுதான் நின்றது, முழங்கை சிராய்த்துப்போனது. லாரிக்காரர் பிரேக் போட்டுத் தலையை நீட்டி, ஏம்மா, பெத்த புள்ளைய ரோட்ல விட்டுட்டு எங்க வேடிக்கை பாத்துட்டு இருந்த என்று கத்தினார். பள்ளிச் சீருடையில் இருந்த என்னைப் பார்த்துத்தான் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுண்டு அழவில்லை, ஏன் சித்தி நிறுத்தின, அம்மாதானே வேகமா வரச் சொன்னாங்க என்று என் மேல் கோபப்பட்டான். வண்டியின் முன்கூடையில் பார்த்தேன், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் அவனுடைய பல் தேய்க்கும் பிரஷும் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. வண்டி வந்த அன்று வீடியோவில் நீ, நல்லா ஓட்டிப் பழகுடா ராஜா, வேகமா ஓட்டிட்டு அம்மாகிட்ட வந்துடு என்று சொன்னாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், மாமாவும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினான். அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான்.

நடந்ததை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன் அக்காவுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா, இல்லன்னா ஒரு புள்ளையப் பாத்துக்கத் தெரியலன்னு மாப்பிள்ளை வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு, ரெண்டுல எது நடந்தாலும் நான் செத்தேன் என்றாள். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். இது அம்மாவுக்கும் தெரியாது. அந்த வண்டியின் சீட்டுக்குக் கீழே இரண்டு பேட்டரி இருக்கிறது, அப்பா கடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பிடிபடும், ஒன்றைக் கழற்றிவிட்டு வயரை மற்றதோடு மட்டும் சேர்த்து அப்பாவின் மஞ்சள் டேப்பைச் சுற்றிவிட்டேன். வேகம் பாதியானது. அதுவும் சரியான பாதிதானா என்று எனக்கு எப்படித் தெரியும், அதனால் டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று அம்மாவைக் கிளப்பி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேட் வரைக்கும் நடக்க வைத்தேன், சுண்டுவை முன்னால் ஓட்டவிட்டேன். கேட்டுக்கு முன்னாலேயே அம்மா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். அது போதும் என்று சீட்டை மூடிவிட்டேன். அம்மா எட்டிப் பிடிக்கிற வேகத்துக்கு மேல் அந்த வண்டி போகக் கூடாது, அவ்வளவுதான் நான் நினைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவனுக்கு அம்மாவை விட்டால் யார்.

இதற்கிடையில் போனவாரம் நீ வீடியோவில் பார்த்துவிட்டு, என்னப்பா இது, எறும்பு ஊர்ற மாதிரி ஊருது, கடைக்காரன் தலையில கட்டிட்டானா என்று கேட்டுவிட்டாய். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க மோட்டார் கட்டறவன் வீட்ல ஒரு பொம்ம வண்டி நொண்டுதான்னு என் பொண்ணே கேக்கறா என்று நேரே வண்டி வாங்கிய கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டார். அந்த ஆள், எங்க வண்டியில குறையில்ல சார், உங்க வீட்ல யாரோ கை வெச்சிருக்காங்க என்றிருக்கிறார். அப்பா, என் வீட்ல அப்படி யாரும் கெடயாது என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு அப்பாவின் கடைக்கு விடுமுறை, வண்டியைப் பிரிக்கப் போகிறார். சீட்டைத் தூக்கி டேப்பைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அடிக்க மாட்டார், பேச மாட்டார், உனக்குத்தான் தெரியுமே அவர் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று. அதுகூடப் பரவாயில்லை, அந்தப் பேட்டரியை மறுபடி சேர்த்துவிடுவார், அவர் கை சும்மா இருக்காது, முன்னைவிட வேகமாகவே ஓட வைப்பார். பாத்துக்கிட்டே இரு, நாளைக்குத் தாத்தா உன்னைப் பறக்க விடறேன் என்று சுண்டுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

தையல்காரர் நாளை சாயங்காலம் உன் வீட்டில் இருப்பார். நாளைக்கு ஒரு நாள் வயிற்றுவலி என்று சொல்லி நான் வீட்டிலேயே இருந்து கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நீ படித்த உடனே அப்பாவைக் கூப்பிட்டு, யோசிச்சுப் பாத்தேன், வண்டி மெதுவாவே போகட்டும்பா, எனக்குப் பயமா இருக்கு என்று சொல்லு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, லாரியைப் பற்றி வாயே திறக்காதே. நான் சொன்னால் சின்னப் பெண் பேச்சு, அம்மா சொன்னால் காதிலேயே விழாது, நீ சொன்னால் கேட்பார், தூரத்தில் இருக்கிறவர்கள் பேச்சுக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை.

இரவு வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. வேலையில் ரொம்ப நேரம் நிற்காதே, உனக்கும் அம்மாவின் கால்தான். மாமாவைக் கேட்டதாகச் சொல், ஆனால் எப்போது கேட்டேன் என்று சொல்லாதே. ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கில்லை, அம்மா உனக்குச் சொன்னதில் கொஞ்சத்தை எடுத்து எழுதுகிறேன், நோய் நொடி இல்லாமல், கண்கலங்காமல், இருவரும் நன்றாக இருங்கள். கிழித்துப் போட மறந்துவிடாதே.

உன் தங்கை.

இன்னொன்று, இதுதான் முக்கியம், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வண்டியை எவ்வளவு மெதுவாக்கினாலும் அவன் கிளம்பத்தான் போகிறான், நேற்றும் பிரஷைக் கூடையில் பார்த்தேன், எடுத்து வைத்தேன். வண்டியில் வராதே என்று மட்டும் சொன்னால் நடந்து கிளம்புவான். நீ வர வேண்டாம், அம்மா வரேன் என்று நீயே அவனிடம் சொல்ல வேண்டும். சீக்கிரம் என்று சொல்லாதே, அவனுக்குச் சீக்கிரம் என்றால் நாளைக்கு. எப்போது என்று உனக்கே தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல், அழுவான், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவனாக உன்னிடம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால்

அப்பா இல்லை, கதவின் கீழ்ப்பாதியில் தட்டுகிறது. சித்தி, விடிஞ்சிடுச்சா, நான் ஷூ போட்டுட்டேன் என்று