டேவிஸில் நீ எனக்கு வாங்கி வைத்த சைக்கிள்

என் செல்லத் தங்கச்சி வதனிக்கு,

உன் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்தொரு வருடமாக "வாங்கோ அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நீ போய் ஏழு மாதம் கழித்து வந்தேன். உன் அண்ணன் அவசரக்காரன் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

இங்கே நோர்வேயில், ரொம்மனில் ஒக்டோபர். குளிர் தொடங்கிவிட்டது. காலையில் வேலைக்குப் புறப்பட்ட உன் அண்ணி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "ஒருக்கா அழுதியளெண்டால் லேசாயிருக்கும்" என்றாள். அழ மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வரவில்லை. பெப்ரவரியில் உன் செத்தவீட்டை மடிக்கணினியில் பார்த்தபோதும் வரவில்லை. படம் நின்று நின்று வந்தது. பெட்டியை மூடும் நேரத்தில் அது மறுபடி நின்றுவிடக்கூடாதே என்ற ஒரே கவலைதான் அப்போது எனக்கு இருந்தது. எருமை மாட்டில் மழை பெய்தது போல இருந்தேன், இருக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் கடுமையாக இருக்கிறாய் என்று உன் மனுசன் செந்தில் எனக்குச் சொன்ன மூன்றாம் நாள் நீ இல்லை. அமெரிக்காவுக்குப் பயண அனுமதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எதற்கு ஓட வேண்டும் என்று இருந்துவிட்டேன். செப்டெம்பரில் உன் மகள் ஆரணிதான் கூப்பிட்டாள். "அம்மா சாமான் எல்லாம் எடுத்து வைக்கணும் மாமா. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

விமான நிலையத்தில் அவளைக் கூட்டத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. உன் நடை. "இஞ்சை வாங்க மாமா" என்று பெட்டியை இழுத்தாள். 'இஞ்சை' உன்னுடையது, 'வாங்க' அவளுடைய கோயம்புத்தூர் அப்பாவுடையது. இந்தியத் தமிழரைக் கட்டுகிறாய், பிள்ளை எந்தத் தமிழ் பேசும் என்று உன் கலியாணத்தில் நாங்கள் பகிடி பண்ணினோமே, பிள்ளை இரண்டையும் பேசுகிறது. வேறு நேரமென்றால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

உன் ஊர் நீ சொன்னபடியேதான் இருக்கிறது. தட்டையான நிலம், சுற்றிவர வயல். வீதியில் காரைவிடச் சைக்கிள் அதிகம், எல்லாவற்றிலும் மாணவப் பிள்ளைகள். சைக்கிளுக்கென்று தனிச் சுற்றுவட்டம், தனிச் சமிக்ஞை விளக்கு. முப்பத்தெட்டுப் பாகை வெயில். தக்காளி ஏற்றிய லொறிகள் திரும்பும் முடக்கில் பழம் உதிர்ந்து கிடக்கும் என்பாயே, கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். கல்லுப்போல இருந்தது. லொறியில் நசியாமல் போவதற்கென்றே வளர்க்கும் தக்காளியாம். கல்லூரியில் நீ வேலை செய்த விதைச் சோதனைக்கூடத்தில் அதன் விதையையும் முளைக்க வைத்துப் பார்ப்பீர்கள் என்று ஆரணி சொன்னாள். இருபத்தொரு வருடம் நீ என்ன வேலை செய்தாய் என்று நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

அன்று பின்னேரம் உன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ரயில் போனது. நீள நீளமாய்ச் சாமான் ரயில். "பொறுங்கோ அண்ணை, ரயில் போகட்டும்" என்று தொலைபேசியில் எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? இங்கே ரொம்மனில் இருந்துகொண்டு அந்த ரயில் போகும்வரை நான் சும்மா காத்திருப்பேன். அன்றும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரயில் போய்விட்டது. யாரும் கதைக்கவில்லை.

மறுநாள் ஆரணி கார்க் கொட்டகையைத் திறந்தாள். உன் பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சைக்கிள். கைபிடியில் நூலால் கட்டிய சின்னக் கடதாசி மட்டை. அதில் உன் எழுத்தில் 'அண்ணை'.

"இது உங்க சைக்கிள் மாமா. போன வருஷம் மே மாசம் அம்மா வாங்கினாங்க. யாரையும் தொட விடல."

"சீற்றின்ரை உயரம்?"

"அம்மாவே வச்சாங்க. மாமா அளவு எனக்குத் தெரியும்னு சொன்னாங்க."

ஏறி இருந்தேன். கால் சரியாக நிலத்தில் முட்டியது. நாங்கள் கடைசியாக ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது அப்பாவின் செத்தவீட்டில். அது எத்தனை வருடத்துக்கு முன்பு? எப்படி அளந்தாய்?

ஆரணி முன்னால் போக நான் பின்னால் போனேன். ரயில் நிலையம், பூங்காவில் சனிக்கிழமைச் சந்தை, வாத்துகள் நிற்கும் வாய்க்கால், வாய்க்கால் கரையோடு உன் வேலையிடம். "நீங்க வந்தா இந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போகணும்னு அம்மா நினைச்சு வச்சிருந்தாங்க" என்றாள். உன் கட்டடத்துக்கு முன்னால் இறங்கி நின்றேன். கைபிடியை அழுத்தியதில் நெஞ்செலும்பு நொந்தது. ஏன் மாமா நின்றுவிட்டீர்கள் என்று கேட்டாள். வெயில் என்றேன்.

வெயில் இல்லை, வதனி. இதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன வருடம் யூலையில் வருவதாக இருந்தேனே. யூன் மாதம் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுச் சரிந்துவிட்டேன். நெஞ்சைப் பிளந்து மூன்று இடத்தில் மாற்றுக் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த கிழமை உனக்குத் தொலைபேசி எடுத்து, "லீவு கிடைக்கேல்லையடி. அடுத்த வருசம் கட்டாயம் வாறன்" என்றேன். நீயும், "பரவாயில்லை அண்ணை. இஞ்சை இந்தமுறை வெயிலும் கூட" என்றாய். உன் குரல் லேசாக இருந்தது. நீ கோபிக்கவில்லை என்று எனக்கு நிம்மதி. அன்றிரவு நல்ல நித்திரைகூட வந்தது.

உண்மையில் அப்போது எனக்கு மூன்று மாதம் சுகயீன விடுமுறை. என்னிடம் இருந்ததெல்லாம் லீவுதான்.

எங்கள் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு நல்ல செய்தி மட்டும்தான் போகும். அப்பாவுக்கு நீரிழிவால் கால் எடுத்ததை எட்டு மாதம் கழித்துத்தான் எங்கள் இருவருக்கும் சொன்னார்கள். அதுவரைக்கும் அவருடைய படங்களெல்லாம் இடுப்புக்கு மேலே மட்டும் வந்தன. நீதான் முதலில் கண்டுபிடித்து எனக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்டாய். "எங்கடை ஆக்கள் முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிற ஆக்கள் அண்ணை. நாங்கள் இப்பிடிச் செய்யக்கூடாது" என்றாய். பிறகு நாங்கள் இருவரும் அதைவிடப் பெரிய பூசணிக்காய்களை மறைத்தோம்.

மூன்றாம் நாள் செந்தில் என்னை வைனுக்குப் பேர்போன நாபாப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வருகிற எல்லோரையும் அங்கே காட்டுவது வழக்கமாம். மலையடிவாரம் முழுக்க முந்திரிகைத் தோட்டம், செந்திலின் தமிழில் திராட்சை. பந்தல் இல்லை, வரிசை வரிசையாகக் கம்பி. குலைகள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வைன் ருசி பார்க்கும் இடத்தில் எல்லோரும் கோப்பைக்குள் மூக்கை விட்டு மணந்துகொண்டிருக்க, நானும் உன் மனுசனும் மர வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

"நீங்க லேசா குடிப்பீங்கன்னு வதனி சொன்னாளே மச்சான்."

"விட்டிட்டன்."

"ஏனுங்க?"

சும்மா என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, இவ்வளவு தூரம் எதற்காகப் பறந்து வந்தேனோ அதைக் கேட்டேன். "போன வருசம் நான் வரேல்லை எண்டதுக்கு அவள் என்ன சொன்னவள்?"

செந்தில் கம்பிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "உண்மையச் சொல்லட்டுங்களா? ரொம்ப வருத்தப்பட்டா. லீவு இல்லைன்னு நீங்க சொன்னதும், நார்வேயில சம்மருக்கு லீவு கிடைக்காத ஆளு இருக்கானான்னு என்கிட்ட கேட்டா. அண்ணைக்கு வர விருப்பமில்லை, அத நேரா சொல்லியிருக்கலாம்னா. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

"கடைசியிலையும்?"

"கடைசியிலும் எடுக்கலைங்க."

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான். ஊரே லீவு எடுத்துக்கொண்டு போகிற யூலை மாதத்தில் லீவு இல்லை என்றவன் நான். நீ நம்பியிருப்பாய் என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

சட்டையின் மேல் மூன்று பொத்தானைக் கழற்றினேன். கழுத்துக்குக் கீழிருந்து இறங்கும் தழும்புக் கோட்டைச் செந்தில் பார்த்தார்.

"இது எப்பங்க?"

"அந்த யூன்."

"ஜூன்ல அவளுக்கு மூணாவது கீமோ மச்சான்." கையிலிருந்த கோப்பையை வாங்கில் வைத்தார். "நீங்க வந்தா மொட்டைத் தலையைப் பாத்துருவீங்கன்னு பயந்துட்டே இருந்தா. வரலைன்னதும் ஒரு பக்கம் அப்பாடான்னுதான் இருந்துச்சு. ஏன் மச்சான் சொல்லல?"

"அவள் கவலைப்படுவாள் எண்டு."

"அவளும் இதே வார்த்தையத்தான் சொன்னா. அண்ணை கவலைப்படுவார், மூச்சு விடாதீங்கன்னு."

செந்தில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு வேறாக மாறி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருடைய முதுகைத் தடவினேன். மற்றக் கையால் பொத்தானைப் பூட்டினேன். மூன்றையும் ஒழுங்காகப் பூட்டினேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

நீ என்னைப் பிழையாக நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அதை இனி எந்த விமானத்தில் ஏறிப் போய் மாற்றுவது?

பத்து நாள் இருந்து, உன் உடுப்புகளை மடித்து, ஆரணி சொன்ன பெட்டிகளில் வைத்துவிட்டு வந்தேன். சைக்கிளை அவள் கல்லூரிக்கு ஓட்டட்டும் என்று சொன்னேன். மட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். இப்போது பேர்சுக்குள் இருக்கிறது. உன் அண்ணி கேட்டதற்குக் கடைப் பற்றுச்சீட்டு என்று சொல்லிவிட்டேன். பார்த்தாயா, இன்னும் திருந்தவில்லை.

இனி அம்மாவின் விசயம்.

நீ போனது அம்மாவுக்குத் தெரியாது, வதனி. எண்பத்தாறு வயது மனுசி தாங்காது என்று யாழ்ப்பாணத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் சித்தி சொன்னாள். எல்லோரும் ஓம் என்றோம். நானும் ஓம் என்றேன். உனக்குத் தொண்டையில் வருத்தம், டாக்குத்தர் கதைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்தோம். ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் உன் தொண்டைக்கு அம்மா பரியாரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொத்தமல்லி அவித்துக் குடிக்கட்டுமாம். தலைக்கு முழுகக்கூடாதாம்.

நான் அமெரிக்கா போகிறேன் என்றதும் அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். திரும்பி வந்த ஞாயிறு, நான் எடுப்பதற்கு முன்பே அவரே எடுத்துவிட்டார்.

"பிள்ளையைப் பாத்தனியே?"

"ஓம் அம்மா."

"மெலிஞ்சு போனாளோ?"

"இல்லை. அப்பிடியேதான் இருக்கிறாள்."

"தொண்டை எப்பிடி? உன்னோடை கதைச்சவளே?"

"ஓம். கொஞ்சம் கதைச்சவள்."

"என்ன சொன்னவள்?"

அதற்கு என்னிடம் பொய் இருக்கவில்லை. இவ்வளவு பொய்யை அடுக்கி வைத்தவன், இந்த ஒன்றுக்கு ஆயத்தம் செய்யவில்லை. நீ என்ன சொன்னாய் வதனி? எனக்கு வர விருப்பமில்லை என்றுதானே சொன்னாய்? "அம்மா, லைன் கிளியர் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா இப்போது உன்னை என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்தேன். தொண்டை நோகிறதென்றாலும் பெற்றவளுக்கு ஒரு வார்த்தை எழுதிப்போடாத மகள் என்று நினைத்தால்? அப்படியே நினைத்துக்கொண்டு அவரும் போய்விட்டால்? ஒரு தரம் இதைச் செய்தவன் நான். அதே பிழையை உன் பேரில், அம்மாவிடம், மறுபடியும் செய்துகொண்டிருக்கிறேன்.

சித்தி சத்தம் போடுவாள். அம்மா தாங்குவாரா தாங்கமாட்டாரா என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் சொல்ல மாட்டேன். போய்ப் பக்கத்தில் இருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன வருத்தம் வந்தது, எப்போது போனாய், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் சொல்வேன். உன் ரயிலைப் பற்றி, தக்காளியைப் பற்றி, நீ செய்த வேலையைப் பற்றியும் சொல்வேன். பிறகு என் சட்டையைத் திறந்து இதையும் காட்டுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இனிமேல் இடுப்புக்கு மேலே மட்டும் படம் அனுப்ப மாட்டேன்.

பஸ் ஓட்ட இப்போது என்னை விடுவதில்லை. டிப்போவில் இருந்து மற்றவர்களுக்கு வேலை நேர அட்டவணை போடுகிறேன். நேற்று மேலதிகாரியின் அறைக்குப் போய், அம்மாவைப் பார்க்க வேண்டும், மூன்று கிழமை வேண்டும் என்று கேட்டேன். அவள் கணினியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஓம், போயிட்டு வா" என்று அவளுடைய பாசையில் சொன்னாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

லீவு கிடைத்துவிட்டது, வதனி.

நீ அளவு வைத்த சைக்கிளில் ஒரே ஒரு நாள் ஓடிய
உன் அண்ணை