பெஞ்சின் வலது பக்கம்

திண்டுக்கல்,
ஜூன் 14

அன்புள்ள தம்பி கிளெமென்ட்டுக்கு,

அண்ணி ஆனந்தமேரி எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் போன் வந்தால் நீ எடுப்பதில்லை. இந்த வயதில் என்னைத் தபால் நிலையத்துக்கு நடக்க வைத்துவிட்டாய். கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

உன் அண்ணனுக்கு மார்ச் மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சு திக்கித் திக்கி வருகிறது. வெஞ்சனத்தில் உப்பில்லை என்று என்னை முறைக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

பகலெல்லாம் செல்போனில் உங்கள் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்கள்தான். எனக்குக் கல்யாணமான புதிதில், அண்ணனும் தம்பியும் ஒரே காட்சியைக் கேசட்டில் பத்துத் தடவை ஓடவிட்டு, இடது கை ஒரே தாளத்தை உருட்ட வலது கை துள்ளுமே, அந்தப் பூகி வூகி இசைக்காகப் பியானோக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது வேறு வழியில்லாமல் நானும் பார்க்கிறேன். முன்னால் கதாநாயகனும் நாயகியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் ஒரு கறுப்பினத்தவர் வேர்க்க வேர்க்க ஜாஸ் வாசிக்கிறார். அவருக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடுகிறது, தம்பி.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில், காணிக்கைப் பாட்டின் நடுவே கீபோர்டில் பூகி வூகியை முதலில் ஆரம்பித்தது உன் அண்ணனின் இடது கை. நீ பெஞ்சின் வலது பக்கம் உட்கார்ந்து சேர்ந்துகொண்டாய், அவ்வளவுதான். பூசை முடிந்து சாமியார் சத்தம் போட்டதும், கோயில் பள்ளியில் கிடைக்கவிருந்த தலைமையாசிரியர் பதவி கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், எல்லாம் தம்பி வேலை சாமி என்று சொல்லிவிட்டார். பாடகர் குழுவிலிருந்து உன்னை நிறுத்தினார்கள். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பதினொரு வருடமாக அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் நம் வீட்டில். சுண்டல் கொடுக்கும் நேரத்தில் உன் அண்ணன் இடது கையால் நாற்காலியைப் பிடித்து எழுந்து, அன்னைக்கு ஆரம்பிச்சது நாந்தேன், அவன் இல்ல என்று அழுதுவிட்டார். லூர்தம்மாள் அக்கா என் காதில், என்னைக்கு நடந்ததுடி, எதச் சொல்றாரு என்று கேட்டார். ஊரில் எல்லாருக்கும் மறந்தே போயிருக்கிறது. மறக்காமல் இருப்பது நாம் மூன்று பேர்தான்.

சாயங்காலம் அவரைக் கீபோர்டு முன்னால் அந்தப் பழைய பெஞ்சில் உட்கார வைக்கிறேன். இடது கை மட்டும் ஓடுகிறது. ஒரே தாளம், திரும்பத் திரும்ப. நடுவுல உக்காருங்க சார், விழுந்துருவீங்க என்று பிசியோதெரபி செய்ய வரும் கீர்த்தனா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். இடது ஓரத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். ஒருநாள் ஆசையாக நான் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். எந்திரி, அது அவன் எடம் என்று சொல்லிவிட்டார்.

தம்பி, மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். மன்னிக்காமலேயே வந்து ஒரு சாயங்காலம் வாசித்துவிட்டுப் போ. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். பெஞ்சின் வலது பக்கத்தைத் தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன்.

உன் அண்ணி,
ஆனந்தமேரி