மொட்டைமாடிப் பூசணி காய்க்காமை தொடர்பாக

மார்ச் 4

அனுப்புநர்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்
பெறுநர்: என் மகளை என் ஒப்புதலின்றி மணந்துகொண்ட லிப்ட் மெக்கானிக்
பொருள்: மொட்டைமாடிப் பூசணி காய்க்காமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக

ஐயா,

இது செடி சம்பந்தமான கடிதம் மட்டுமே. வேறு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் இந்த வீட்டைவிட்டுப் போனபோது, மாடியில் இருந்த தன் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். என் மனைவிதான் தண்ணீர் ஊற்றி வந்தார். முழங்கால் வலியால் அவரால் படியேற முடியாமல் போகவே, ஓய்வு பெற்ற கையோடு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஊற்றினேன். இப்போது விடிவதற்கு முன்பே மாடியில் நிற்கிறேன். ஒரு தக்காளி பச்சையிலிருந்து சிவப்புக்கு வருவதற்குள் எத்தனை நிறம் மாறுகிறது என்று இத்தனை வருட அலுவலகத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காய்கறிக் கழிவு போட்ட பெரிய தொட்டியில் பூசணி ஒன்று தானாக முளைத்து, கைப்பிடிச்சுவர் முழுக்கப் படர்ந்திருக்கிறது. தினமும் பூக்கிறது. ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. நிர்வாகத்தில் என் பங்குக்கு எந்தக் குறையும் இல்லை. ஒல்லிக் காம்பில் நெட்டையாக நின்று, சும்மா பூத்துவிட்டு உதிர்கிற பூக்கள் நிறைய உள்ளன. காய்க்கும் அறிகுறியே இல்லாத அந்தத் தண்டச்சோறுகளைக் காலையில் முதல் வேலையாகக் கிள்ளி எறிந்துவிடுகிறேன். அப்படியும் பயனில்லை.

மகளிடம் கேட்டுச் சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். இருவரும் தினமும் போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "கேக்கணும்னா நீங்களே கேளுங்க. நான் என்ன போஸ்ட்மேனா?" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு நேரடியாக எழுதும் நிலையில் நான் இல்லை. எனவே தங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் எவரேனும் இருப்பின், கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர், ஓய்வு


மார்ச் 9

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

மாமா என்று எழுதத்தான் கை போனது. அனுமதி வாங்காமல் ஒரு காரியம் செய்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

செடி விஷயத்தில் நான் சுத்தப் பூஜ்யம். அதனால் உங்கள் கடிதத்தை விவரம் தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டினேன். 'தண்டச்சோறு' வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடிதத்தை வாங்கி, உங்கள் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

நீங்கள் கிள்ளி எறிந்தவை எல்லாம் ஆண் பூக்களாம். அடியில் குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் அதில் பட்டால்தான் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் வெம்பி உதிர்ந்துவிடும். தேனீ வந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். வராவிட்டால், காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவ வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். "பார்த்ததுமே இது உதவாதுன்னு தூக்கி எறிஞ்சா அப்புறம் எங்கேருந்து காய்க்கும்?" இதை ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மற்றபடி இந்த வாக்கியத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இங்கே வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னலில்தான், அதுவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே ஒரு புதினாத் தொட்டி வைத்திருக்கிறார். நேற்று நான் வேலைக்குப் போன கட்டடத்தில், லிப்ட் மோட்டார் அறைக்குள் மைனா கூடு கட்டியிருந்தது. குஞ்சு பறக்கும்வரை ஜன்னலைச் சாத்தக் கூடாது என்று காவலாளியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பணிவுடன்,
லிப்ட் மெக்கானிக்


மார்ச் 17

பொருள்: முதல் முயற்சி – தோல்வி – தொடர்பாக
பார்வை: தங்கள் மார்ச் 9 கடிதம்

தம்பி,

ஒரு கையில் பூவும் மறு கையில் மூக்குக்கண்ணாடியுமாக நான் நின்ற கோலத்தைப் பார்க்க, முழங்கால் வலியை மறந்து என் மனைவி படியேறி வந்துவிட்டார். எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கை நடுங்கியதில் பெண் பூவின் காம்பே ஒடிந்துவிட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பூவுக்காக மனம் இவ்வளவு கஷ்டப்படும் என்று நான் நினைத்ததில்லை.

அணில் ஒன்று தினமும் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து, மேலதிகாரி போல என் வேலையைப் பார்வையிடுகிறது. தக்காளியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை எனக்கு ஒதுக்கீடு செய்கிறது.

கிள்ளுவதை நிறுத்திவிட்டேன். விடிந்ததும் சுவர் நெடுக மஞ்சள் மஞ்சளாக அவை விரிந்து நிற்பதைப் பார்த்தால், இத்தனை நாள் என்ன காரியம் செய்தேன் என்று இருக்கிறது. தாங்கள் 'ஓர் எழுத்து மாறாமல்' எழுதிய வாக்கியம் பரிசீலனையில் உள்ளது.

கண்காணிப்பாளர், ஓய்வு


மார்ச் 22

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பெண் பூவை இடது கையால் அடியில் தாங்கிக்கொண்டு தடவினால் காம்பு ஒடியாதாம். இவ்வளவுதான் எழுதச் சொன்னார். மீதி நானாக எழுதுவது.

"அப்பாவுக்குக் கை நடுங்குதா? எப்பலேருந்து?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அத்தை இந்தப் பக்கத்துக்கும் போஸ்ட்மேன் வேலை பார்ப்பதில்லை. விளிம்பு உடைந்த நீலத் தொட்டி இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்றும் கேட்டார்.

பரிசீலனை முடிந்ததா என்று தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார். ஆனால் நீங்களாகக் கூப்பிடாமல் அந்தப் படியில் கால் வைக்க மாட்டாராம். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி நான் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

பணிவுடன்,
லிப்ட் மெக்கானிக்


மே 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேலே பொருள் என்று எதுவும் போடவில்லை. போட உட்கார்ந்தால் ஒன்றுக்கு மேல் வருகிறது.

பூசணி காய்த்துவிட்டது. பிஞ்சு நின்ற அன்றே எழுத நினைத்தேன். எழுதினால் கண்பட்டு உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சுவருக்கு வெளியே தொங்குகிறது. கனம் தாங்காமல் கொடி அறுந்துவிடக் கூடாதே என்று, அலுவலகத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் தூளி கட்டிவிட்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை நடுக்கம் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. வயதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை அவளிடம் சொல்லவும். நீலத் தொட்டியைப் பூனை தள்ளி உடைத்துவிட்டது. சிமெண்ட் பூசி ஒட்டவைத்து, கொத்தமல்லி போட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்றார் உங்கள் மாமியார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பரிசீலனை முடிந்தது. அவள் எழுதச் சொன்ன வாக்கியம் சரி. பூசணிக்கும் சரி. உங்களை ஒரு தடவைகூட உட்காரவைத்துப் பேசாமல், பார்த்த மாத்திரத்தில் உதவாது என்று முடிவு கட்டியவன் நான். அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மாமா என்று எழுத இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது.

காம்பு காய்ந்துவிட்டது, பறிக்க வேண்டியதுதான். எனக்குக் கை வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இது கூப்பிடுவதுதான். வேறு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
மாமா


மே 10

அனுப்புநர்: விவரம் தெரிந்தவர்
பெறுநர்: அப்பா
பொருள்: பூசணி பறித்தல் – தொடர்பாக
பார்வை: தாங்கள் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதம். அவர் வாசித்துக் காட்டினார். பாதியில் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டதால் மீதியை நானே வாசித்தேன்.

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை காலையில், பூ விரிகிற நேரத்துக்கு வந்துவிடுவோம். அதுவரை யாரும் காயைத் தொடக் கூடாது. மேலதிகாரி அணிலுக்கும் இதைத் தெரிவிக்கவும்.

புதினாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு நல்ல வெயில் வேண்டும். நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவையுங்கள்.

அன்றைக்குப் பெண் பூ ஏதாவது விரிந்திருந்தால் எனக்காகக் காத்திருங்கள். அடியில் நான் தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் தடவுங்கள். கை நடுங்கினால் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்