பிள்ளையாருக்கு ஊற்றிய தண்ணீர்

அட்சய வருஷம், கார்த்திகை 25, வெள்ளி

படகுத் துறைப் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தேன். வானம் கறுத்தே கிடக்கிறது, ஒரு பொட்டு விழவில்லை. மலாய் நாட்டுக்கு வந்த நாள் முதல், இந்தக் கோத்தா திங்கியில் இப்படி ஒரு கார்த்திகையை நான் பார்த்ததில்லை. மற்ற வருஷமென்றால் இந்நேரம் முற்றத்தில் தவளை கத்தும், விறகெல்லாம் நமுத்துப் போயிருக்கும்.

ஊரில் பேச்செல்லாம் மாரியம்மன் கோயில் தலைவர் தேர்தல்தான். திருவாதிரையன்று, ஞாயிற்றுக்கிழமை. அம்மன் முன்னால் துணி மூடிய இரண்டு பித்தளைக் குடம் இருக்கும். மஞ்சள் கயிறு கட்டியது என் தம்பி கனகராஜுக்கு, சிவப்புக் கயிறு அக்கரை ரப்பர் தோட்டத்துக் காசிக் கங்காணிக்கு. வருகிற ஆம்பிளைக்கு ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு. இரண்டு குடத்துக்குள்ளும் கையை விட்டு, இஷ்டப்பட்டதில் போட்டுவிட்டு வர வேண்டும். எதில் போட்டான் என்று அம்மனுக்குத்தான் தெரியும். பொம்பிளைகளுக்குப் பாக்கு கிடையாது. களி கிண்ட மட்டும் நாங்கள் வேண்டும்.

கோயில் இப்போது இருக்கிற ஆற்றங்கரையிலேயே, தன் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கணும் என்கிறான் தம்பி. கரையை ஆறு தின்றுகொண்டு வருகிறது, அக்கரைத் தோட்டத்து மேட்டுக்கு அம்மனைத் தூக்கிக்கொண்டு போகணும் என்கிறார் காசி. என் மாப்பிள்ளை தங்கராஜு அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. அவர் காசி பக்கம். இந்தப் பக்கம் தாய்மாமன், அந்தப் பக்கம் புருஷன், நடுவில் என் மகள் செல்வராணி கைப்பிள்ளையோடு நிற்கிறாள். நான் தாலியறுத்து வந்து நின்றபோது எனக்கும் அவளுக்கும் சோறு போட்டவன் கனகராஜ். நான் எந்தப் பக்கம் நிற்பேன்?

அக்கரையிலிருந்து ஐயாசாமி கருவாடு வாங்க வந்தார். பால்மரம் வெட்டுகிறவர், என்னைவிட மூத்தவர். ஊரோடு சேர்ந்து அவரும் என்னை அத்தை என்பார்.

"அத்தை, எங்க கையில பாக்கைக் குடுத்தா குடத்துல போடாம மென்னுடுவோம்னு உங்க தம்பிக்குப் பயமாமே?"

"மெல்றதுக்கு வாயில பல்லு எங்க இருக்கு உங்களுக்கு?" என்றேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

கார்த்திகை 27, ஞாயிறு

கடையில் தம்பியின் ஆட்கள் கூடினார்கள். தலை எண்ணிப் பார்த்தால் அக்கரைதான் அதிகம். எல்லாரும் போன பிறகு தம்பி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, ஆறு பெருகுச்சுன்னா அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தன் வர மாட்டான். ரெண்டு நாள் மழை போதும். கேட்டுப் பாரேன் உன் பிள்ளையார்கிட்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தோற்றுவிட்டால் கடையை மூடிவிட்டு எங்காவது போய்விடுவேன் என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

கார்த்திகை 28, திங்கள்

செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

கடல் தாண்டி எங்கள் ஊரில் மழை பொய்த்தால் பிள்ளையார் கருவறையில் தண்ணீர் வெளியே போகிற வாயை அடைப்பார்கள். குடம் குடமாக ஊற்றி அவர் கழுத்து வரைக்கும் நிரப்புவார்கள். மூச்சு முட்டினால் பிள்ளையார் வானத்தைத் திறந்துதானே ஆகணும்? மழை வந்ததும் முதல் வேலையாக அடைப்பை எடுத்துவிட வேண்டும். துறைப் பிள்ளையாருக்கும் கருவறை குழிதான், வாசற்படி உயரம். என் அரக்குச் சேலை முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டித் துவாரத்தில் திணித்தேன். ஆற்றிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போச்சு.

ஊரே கூடி, ஊருக்காகச் செய்வது அது. நான் தனியாக, தம்பிக்காகச் செய்தேன். தம்பியும் ஊரில் ஒருத்தன்தானே? அப்பனே, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கார்த்திகை 29, செவ்வாய்

மழை இல்லை. ஆனால் எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறுகிறது.

சிங்கப்பூரிலிருந்து வந்த படகில் சேதி: கடலில் பெரிய காற்று கிளம்பியிருக்கிறதாம், மீன் பிடிக்கப் போன சீனன்மார் பாதியில் திரும்பிவிட்டார்களாம். படகோட்டி பாக் மாட் தன் சம்பான் படகைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய், தம்பி கடைத் தூணில் கட்டினான். இதுவரைக்கும் அங்கே கட்டியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஆயர் பெசார், கக்," என்று ஆற்றைக் காட்டினான். அக்கா, பெரிய தண்ணீர் வரும் என்கிறான்.

எனக்குக் குளிர்ந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி 1, வியாழன்

மழை! விடியற்காலை போட்ட கோலம் போட்ட கையோடு கரைந்தது. கோயிலில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள், கொட்டுகிற மழையில்.

தம்பி குடைகூட இல்லாமல் ஓடி வந்தான். "பாத்தியாக்கா! பாத்தியா!" சின்னப் பிள்ளையில் மாங்காய் அடித்துவிட்டு இப்படித்தான் ஓடி வருவான்.

அடைப்பை எடுக்கத் துறைக்குப் போனேன். குனிந்து கையையும் வைத்தேன். இப்போதே எடுத்தால் மழை நின்றுவிடுமே, ஞாயிறு வரைக்கும் இருந்தால் என்ன என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையார் கழுத்தளவு தண்ணீரில் என்னையே பார்த்தார்.

மார்கழி 2, வெள்ளி

விடவே இல்லை. ஓட்டில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. ஆறு சிவந்து, நுரை கட்டி, காட்டு மரங்களை வேரோடு கொண்டுவருகிறது. ஒரு மரத்தில் குரங்கொன்று குட்டியோடு உட்கார்ந்து போனது. கத்தவில்லை. பார்த்துக்கொண்டே போனது.

இவ்வளவா கேட்டேன்?

மார்கழி 3, சனி

காலையில் அடைப்பை எடுக்கப் போனேன். போக முடியவில்லை. துறைக்கு இறங்குகிற வழியில் இடுப்பளவு தண்ணீர், இழுப்பு வேறு. இறங்கிவிட்டேன். தம்பி பெண்சாதி மீனாள் ஓடி வந்து பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பிள்ளையார் எங்க ஓடிடப் போறாரு?"

அவள் கையை உதறப் பார்த்தேன், விடவில்லை.

நாளைக்குப் பௌர்ணமி. பாக் மாட் கையால் காட்டினான். கடல் கீழேயிருந்து ஏறுமாம், மழைத் தண்ணீர் மேலேயிருந்து இறங்குமாம். இரண்டு கையையும் அடித்துச் சேர்த்தான். நடுவில் கோத்தா திங்கி.

தம்பியிடம் போனேன். "தேர்தலைத் தள்ளி வைடா."

"காப்புக் கட்டியாச்சுக்கா. காப்பை அவுக்காம நாளை மாத்தறதா? நீயா இப்பிடிப் பேசுற? வேற யாராச்சும் சொல்லியிருந்தா நீயே வாயில போட்டிருப்ப."

"மாப்பிள்ளை பிடிவாதக்காரருடா. இந்தத் தண்ணியில கிளம்பி வந்துருவாரு."

"வந்தா வரட்டும். வரலைன்னா வசதிதான்."

இவ்வளவு நாள் அவன் எனக்குத் தம்பி. அந்த ஒரு நிமிஷம் யாரோ மாதிரி இருந்தான். ஆனால் மழையைக் கேட்டது அவனா, நானா?

மார்கழி 4, ஞாயிறு. திருவாதிரை

எழுத வரலை. எழுதாமலும் இருக்க முடியலை.

கோயில் படியெல்லாம் முங்கிப்போச்சு. உள்ளே கணுக்கால் தண்ணி. அம்மன் முன்னால பலகை போட்டு அதுமேல குடம் ரெண்டையும் வச்சாங்க. இக்கரை ஆளுங்க வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்து போட்டாங்க. அக்கரையிலேருந்து யாரும் வரலை. தம்பி வாசலையே பாத்துக்கிட்டு நின்னான். நான் களிப் பானையை வச்சுக்கிட்டு, யாரும் வரக்கூடாது தாயே, வரக்கூடாதுன்னு வேண்டினேன். மொதல்ல வேண்டினதும் அதேதான். இப்ப வேண்டினதும் அதேதான். ரெண்டும் ஒண்ணா?

அப்புறம் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு படகு. பின்னால வந்த காசி படகு சுழியைப் பாத்துத் திரும்பிருச்சு. மொதப் படகு திரும்பலை. மாப்பிள்ளை, ஐயாசாமி, இன்னும் சில பேரு. நடு ஆத்துல பெரிய மரம் ஒண்ணு உருண்டு வந்துச்சு. நான் பாத்தேன். அவங்க பாக்கலை. கத்தினேன், மழையில எவன் காதுல விழும்?

கவுந்துருச்சு.

பாக் மாட் சம்பானை அவுத்துக்கிட்டுப் போனான். கடைத் தூணுக்கும் சம்பானுக்கும் கயிறு. ஒவ்வொருத்தரா இழுத்தாங்க. மாப்பிள்ளை வந்துட்டாரு. மத்தவங்களும் வந்துட்டாங்க. ஐயாசாமி வரலை.

மாப்பிள்ளை நேரே கோயிலுக்குள்ள போனாரு. உடம்பெல்லாம் சேறு. பாக்கை வாங்கினாரு, ரெண்டு குடத்துலயும் கையை விட்டு எடுத்தாரு. மத்தவங்களும் அப்பிடியே செஞ்சாங்க. அதுக்கப்புறம் தட்டைப் பாத்தாரு. படகைப் பாத்ததும் அதுல வந்தவங்களுக்குன்னு எண்ணி வச்சதுல ஒரு பாக்கு மிச்சம் கிடந்துச்சு.

"மாமா, இது ஐயாசாமியோட பாக்கு. எதுல போடப் போறீங்க?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கிட்டுக் குடத்தைக் கவுத்து எண்ணச் சொன்னான். மஞ்சக் கயிறுக் குடத்துலதான் பாக்கு அதிகம். ஜெயிச்சுட்டான். மாலை போட யாரும் வரலை.

மார்கழி 5, திங்கள்

கோயில் கூரை மட்டும் தெரிகிறது.

மார்கழி 8, வியாழன்

அக்கரையில், காசி சொன்ன அந்த மேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் ஊர் முழுக்கப் பரந்து இழுப்பு குறைந்த பிறகு, காசியும் தோட்டத்து ஆட்களும் மூங்கில் தெப்பம் கட்டிக்கொண்டு வந்து எங்களை ஏற்றிப்போனார்கள். கோயிலுக்கென்று அவர்கள் காடு வெட்டிச் சமன் செய்து வைத்த இடத்தில் ஊரே படுத்துக் கிடக்கிறது. தமிழன், மலாய்க்காரன், சீனன், எல்லாரும்.

தம்பி கடைசித் தெப்பத்தில் வந்தான். அம்மனைத் தலையில் வைத்திருந்தான். காசிக் கங்காணி எதிரே போய்த் தோள் கொடுத்தார்.

"தலைவரே, பாத்து. வழுக்கும்," என்றார். கேலியா, மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை. தம்பிக்கு விளங்கியிருக்க வேண்டும். இறக்கி வைத்துவிட்டு, மேட்டு விளிம்பில் போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தவன் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

ஐயாசாமியைக் கீழே, வளைவில், மூங்கில் புதரில் கண்டெடுத்தார்கள்.

ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அத்தை, அந்த மழையில கூட நீங்க பிள்ளையாரைப் பாக்கத் தண்ணியில எறங்கினீங்களாமே. உங்க பூசையாலதான் நாங்க இம்புட்டுப் பேரு பொழைச்சோம்." அவளோடு சேர்ந்து இன்னும் பல பேர் அதையே சொல்கிறார்கள். செல்வராணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என் நாக்கு அப்படிச் சும்மா கிடந்து நானே கண்டதில்லை.

மார்கழி 20, செவ்வாய்

தண்ணீர் வடிந்து இன்றுதான் ஊருக்குள் விட்டார்கள். எல்லாருக்கும் முந்திப் போய்விடணும் என்று துறைக்கு ஓடினேன். அதற்கு முன்னாலேயே செல்வராணியும் மேட்டுப் பெண்களும் மண்வெட்டியோடு வந்து பிள்ளையாரைத் தோண்டி எடுத்துக் கழுவியிருந்தார்கள். கருவறை காலி. துவாரம் திறந்து கிடக்கிறது.

அடைப்பை எடுத்தது யார்?

"துணி கிணி ஏதாச்சும் கிடந்துச்சா?" என்று கேட்டேன்.

"சேறுதாம்மா கிடந்துச்சு," என்றாள் செல்வராணி. முகத்தைத் திருப்பாமலே பிள்ளையார் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தை 10, ஞாயிறு

மேட்டில் மறுபடி தேர்தல். தம்பி தானே கேட்டு வைத்தது. கீற்றுப் பந்தல், அதே இரண்டு குடம். தம்பி முதல் ஆளாகப் போய், எல்லாரும் பார்க்கக் கையைச் சிவப்புக் கயிறுக் குடத்துக்குள் மட்டும் விட்டான். மற்றதில் விடவே இல்லை. சட்டப்படி அது செல்லாது என்று யாரோ முனகினார்கள். காசி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்கள்.

ஐயாசாமிக்கு ஒரு பாக்கை மாப்பிள்ளை போட்டார்.

பங்குனி 12, வெள்ளி

மழை போய் எத்தனையோ நாளாச்சு. மேட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. புதுக் கோயிலுக்கு மண் குழைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. தோட்டத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

சாயங்காலம் புதுத் தலைவர் காசிக் கங்காணி நாலைந்து பேரோடு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன். கை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அத்தை, ஊர்ல செய்வாங்களே, பிள்ளையாரைத் தண்ணியில முக்கி மழை கேக்கறது. உங்களுக்கு மொறை தெரியும். உங்க கை ராசியான கை. நீங்கதான் மொதக் குடம் ஊத்தணும்."

ஆகட்டும் என்பதா? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே. அதற்குள் அடுப்படியிலிருந்து செல்வராணி நிலைப்படிக்கு வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை.

"அம்மா வேணாம்ணே. நீங்களே ஊத்துங்க, ஊரோட. மழை வந்ததும் அடைப்பை எடுக்க மட்டும் மறந்துராதீங்க. அதுக்கு நான் வர்றேன்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் அரக்குச் சேலைதான் கட்டியிருந்தேன். அவள் என் முந்தானையைக் கையில் எடுத்து, கிழிந்த ஓரத்தைப் பார்த்தாள். பிறகு ஊசியும் நூலும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஓரத்தை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.